அருளப்பனின் கை

டேப்லட் அணைந்த பிறகும் இசை நிற்கவில்லை. புகாரில் அவ்வளவுதான் இருந்தது.

செண்பகம் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். இசை மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தில் பழுது பார்ப்பது அவள் வேலை. அவளுக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும். தொட்டால் சத்தம் வரவில்லை. தாமதமாக வருகிறது. நடுவில் விட்டுப் போகிறது. தொடாமலே வாசிக்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

வாடிக்கையாளரின் பெயர் கீழே இருந்தது. அருளப்பன், இசையமைப்பாளர், சாலிகிராமம்.

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். அலுவலகச் சுவரில் அவருடைய படம் மாட்டியிருந்தது. பதினான்கு மாதங்களுக்கு முன்பு பக்கவாதத்தில் பேச்சையும் வலது பக்கத்தையும் இழந்தவர். மிஞ்சிய இடது கையால் டேப்லட்டில் வாசித்தே இரண்டு படங்களுக்குப் பின்னணி இசை அமைத்தவர். மூன்றாவது படத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. படத்தில் அவர் சிரிக்கவில்லை. நிறுவனத்தின் பெயர் மட்டும் பெரிதாக இருந்தது.

மூன்றாவது மாடி வீடு. உள்ளறை ஒன்றை ஸ்டுடியோவாக மாற்றியிருந்தார்கள். கதவைத் திறந்தவன் தயாளன். அருளப்பனிடம் ஒன்பது வருடமாக இருக்கும் புரோகிராமர். இசையமைப்பாளர் வாசிப்பதைக் கணினியில் பதிவுசெய்து, அடுக்கி, படத்தோடு சேர்ப்பது அவன் பொறுப்பு.

"சர்வீஸா? வாங்க மேடம். யாராவது பசங்கள அனுப்புவாங்கன்னு நெனச்சேன்."

செண்பகம் செருப்பைக் கழற்றினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போக வேண்டியிருக்கும்னு உங்க கம்பெனிய நானேதான் பயமுறுத்தி வெச்சிருக்கேன்."

"தூக்க வேண்டியிருக்காது."

"அதயும் பாக்காமலே சொல்றீங்களே!"

அருளப்பன் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். ஒரு தாங்கியில் பொருத்திய டேப்லட் அவர் முன்னால் நின்றது. திரையில் பியானோ கட்டைகளும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பட்டைகளும், ஓரத்தில் சிவப்பாக ஒரு நிறுத்தும் பொத்தானும் இருந்தன. அவருடைய இடது கை கட்டைகளின் மேல் கிடந்தது. ஒலிபெருக்கியில் வயலின்கள் மெதுவாக எழுந்து வந்துகொண்டிருந்தன. செண்பகம் வணக்கம் சொன்னாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவளுடைய பையைப் பார்த்தார். பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நேத்து மத்தியானம் சார்ஜர் லூஸா இருந்திருக்கு," என்றான் தயாளன். "டேப்லட் செத்துப் போச்சு. கருப்புத் திரை. சார் கை அது மேலதான் இருக்கு. வயலின் போயிட்டே இருக்கு மேடம். சரி, மிச்சம் மீதி ஓடுதுன்னு நெனச்சா, புல்லாங்குழல் வேற எடுக்குது. எனக்கு வேர்த்துடுச்சு."

"எவ்வளவு நேரம்?"

"நான் கம்ப்யூட்டர்ல நிறுத்துற வரைக்கும். ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"எப்படி இருந்துச்சு?"

தயாளன் தலையைச் சொறிந்தான். "அதான் பிரச்சனையே. நல்லா இருந்துச்சு."

அருளப்பனின் மனைவி பிலோமினா தண்ணீர் கொண்டுவந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை. எந்த ஊர் என்று கேட்டார். கோவில்பட்டி என்றாள் செண்பகம்.

"நம்ம பக்கந்தான். நாங்க தூத்துக்குடி." முகம் சற்று இளகியது. "எப்படியாவது சரி பண்ணிரு பிள்ள. இந்த சிலேட்டுதான் அவியளுக்கு வாய். நாம பேசுறது பூராவும் புரியும். திருப்பிச் சொல்ல வார்த்தை கெடையாது. எழுத்தும் போச்சு. ஆமாவா இல்லையான்னு கேட்டாலும் தலைய மாத்தி மாத்தி ஆட்டுவாவ. பாட்டு மட்டும் மூளையில வேற எடத்துல இருக்காம். அது தப்பிச்சிட்டுன்னு டாக்டர் சொன்னாரு."

"இதுல உங்ககூடப் பேசுவாங்களா?"

பிலோமினா லேசாக வெட்கப்பட்டார். "தெனமும் சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு மெட்டு போடுவாவ. ஏழு சுரந்தான். கல்யாணமான புதுசுல வாய் வலிக்கும்னு பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாவ, ஆர்மோனியப் பெட்டியில அதப் போடுவாவ. அடுப்புல என்ன இருந்தாலும் எறக்கி வெச்சிட்டு நான் வரணும். இப்பவும் வாரேன்."

செண்பகம் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கணினியின் முன் உட்கார்ந்தாள். டேப்லட் வைஃபையில் இணைந்திருப்பதாகத் திரையில் பச்சை விளக்கு காட்டியது. அவள் எழுந்து அருளப்பனிடம் போனாள்.

"சார், நான் ஒரு தடவை தொட்டுப் பாக்கட்டுமா?"

அவர் கையை உடனே எடுத்துக்கொண்டார். இத்தனை வேகமாக அந்தக் கை நகரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

ஒரு கட்டையை அழுத்தினாள். அந்தச் சுரம் வரவில்லை. வயலின்கள் தம் போக்கில் போய்க்கொண்டிருந்தன. வேறொன்றை அழுத்தினாள். ஒலியைக் குறைக்கும் பட்டையைக் கீழே இழுத்தாள். சிவப்புப் பொத்தானைத் தொட்டாள். எதுவும் குறையவில்லை, எதுவும் நிற்கவில்லை. அருளப்பனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"என்ன சார்? தண்ணி வேணுமா?" என்றான் தயாளன்.

செண்பகம் கணினிக்குத் திரும்பி, இணைப்பின் விவரங்களைத் திறந்தாள். பழுது தெரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ரௌட்டரை எப்ப மாத்தினீங்க?"

"ரௌட்டரா? போன நவம்பர். பெரிய இடி விழுந்துச்சே, அதுல பழசு போயிடுச்சு. கீழ்வீட்டு டிவியும் போச்சு. ஏன்?"

"வைஃபையில ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் இருக்கும். பழைய ரௌட்டர் டேப்லட்டுக்குப் பன்னிரண்டுன்னு குடுத்திருந்துச்சு. புதுசு முப்பத்தொண்ணுன்னு குடுத்திருக்கு. நீங்க தொறந்திருக்கற படத்து செஷன் ஃபைல்ல இன்னும் பன்னிரண்டுதான் இருக்கு. அங்கிருந்து வர்றதை மட்டுந்தான் கேக்கும்."

"சரி. மாத்திடுங்க."

"பன்னிரண்டுல இப்ப எதுவும் இல்ல."

தயாளன் திரையை எட்டிப் பார்த்தான்.

"நவம்பர்ல இருந்து டேப்லட்டுல தொட்ட எதுவும் இங்க வரல," என்றாள்.

"அப்ப வாசிக்கிறது யாரு?"

அவள் திரையில் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினாள். "ஃபில்லர்."

அது எல்லா வாடிக்கையாளருக்கும் தெரிந்த வசதிதான். வைஃபை கண்ணிமைக்கும் நேரம் விட்டுப் போனால் இசையில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். அதற்காக வாசிப்பவரின் கையைத் தினமும் கற்றுக்கொண்டே இருக்கும். இந்தச் சுரத்துக்குப் பிறகு இவர் எங்கே போவார், எவ்வளவு அழுத்துவார், எங்கே மூச்சு விடுவார் என்று.

"கால் விநாடிக்கு மேல நிரப்பக் கூடாது. கம்பெனியில அப்படித்தான் வெச்சு அனுப்புறோம். இங்க வரம்பு இல்லைன்னு இருக்கு."

தயாளன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "நான்தான் போட்டேன். மொதப் படத்து க்ளைமாக்ஸ். அக்டோபர்ல. வைஃபை விட்டு விட்டு வருது, டைரக்டர் பக்கத்துலயே உக்காந்திருக்கார், சாருக்குக் கை நடுங்குது. அன்னிக்கு ஒரு நாளைக்குன்னு போட்டேன்."

"அப்புறம் எடுக்கலையா?"

"அந்தப் படம் ஓடிடுச்சே!" என்றான் அவன். அதுவே பதில் என்பதுபோல. பிறகு அவளுக்குப் புரியவில்லை என்று கண்டு விளக்கினான். "ஓடின படத்து செஷனைத்தான் மேடம் அடுத்த படத்துக்கு எடுப்போம். காப்பி பண்ணி, பேரை மாத்தி, உள்ள இருக்கறதத் தொடச்சிட்டு ஆரம்பிப்போம். ஃபீல்டுல எல்லாரும் அப்படித்தான். புதுசா செஷன் தொறந்தா வெளங்காதுன்னு ஒரு சென்டிமென்ட். அதுல ஒரு செட்டிங்கக்கூட மாத்த மாட்டோம். வெளங்குனதுல எதுக்குக் கை வெக்கணும்?"

"ரெண்டாவது படம் எப்ப பண்ணீங்க?"

"டிசம்பர்ல இருந்து மார்ச்." அவன் குரல் இறங்கியது. "அதத்தான் ஓஹோன்னு எழுதினாங்க. பழைய அருளப்பன் திரும்பி வந்துட்டார்னு."

ஒலிபெருக்கியில் புல்லாங்குழல் சேர்ந்துகொண்டது. தயாளன் எட்டி இசையை நிறுத்தினான்.

டேப்லட் தன்மேல் விழும் ஒவ்வொரு தொடுதலையும் நேரத்தோடு குறித்து வைக்கும். பழுது பார்ப்பவர்களைத் தவிர யாரும் அதைப் பார்ப்பதில்லை. செண்பகம் அந்தப் பதிவைத் தன் மடிக்கணினிக்கு எடுத்தாள். நவம்பர் பதினேழு, ரௌட்டர் மாற்றிய நாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள்.

ஒரு மெட்டு வந்தது. தடுமாற்றம் இருந்தாலும் மெட்டு. பாதியில் நின்றது. மறுபடியும் அதே மெட்டு, அழுத்தமாக. மறுபடியும். பிறகு ஒரே ஒரு கட்டை. நான்கு விநாடி இடைவெளி. அதே கட்டை. நான்கு விநாடி. அடுத்த கட்டை. இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டையாக, கடைசி வரை. பிறகு பட்டைகள், ஒவ்வொன்றாக. மேலே, கீழே.

பழுது பார்க்கும்போது அவளும் இதைத்தான் செய்வாள். இதே வரிசையில்.

அதற்குப் பிறகு சிவப்புப் பொத்தான். அன்று ஒரு நாளில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு முறை. மறுநாள் அதைவிட அதிகம். மூன்றாம் நாள் பதிவில் தனித்தனிக் கட்டைகள் இல்லை. எல்லாக் கட்டைகளும் ஒன்றாக அழுந்தியிருந்தன.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "நவம்பர் பத்தொன்பது என்ன நடந்துச்சு?"

"அந்த வாரமா?" தயாளன் யோசித்தான். "சார் திடீர்னு டேப்லட்டப் போட்டு அடிக்க ஆரம்பிச்சார். உள்ளங்கையால, பட்டு பட்டுன்னு. பயந்துட்டோம். பக்கவாதம் வந்தவங்களுக்குக் கோபம் அப்படி வருமாம். டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தார். அதுக்கப்புறம் அமைதியாயிட்டார்." கொஞ்சம் பொறுத்து, "இப்பவும் போட்டுட்டிருக்கார்," என்றான்.

டிசம்பரிலிருந்து பதிவில் பகல் நேரம் முழுக்க, கை அசையாமல் கிடந்த தடம் மட்டும் இருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு மட்டும் சில தொடுதல்கள். ஏழு. தினமும் ஏழு. பிப்ரவரியில் ஆறாகியது. ஏப்ரலில் நான்கு. இந்த ஜூலையில் இரண்டு, சில நாட்களில் ஒன்று.

"நம்பர மாத்தி விட்டுட்டுக் கெளம்புங்க மேடம்," என்றான் தயாளன் மெல்ல. "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. நான் பாத்துக்கறேன்."

செண்பகம் தலையாட்டினாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இவ்வளவையும் அவர்கள் அந்த அறையில்தான் பேசியிருக்கிறார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். அருளப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எந்த அசைவும் இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

பிலோமினா வாசலில் வந்து நின்றார். "பாட்டு நின்னுபோச்சே. என்ன பிள்ள, சரியாயிட்டா?"

யாரிடமும் நீளமாகப் பேசிப் பழக்கமில்லாதவள் செண்பகம். வாக்கியங்களை மனதில் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். இந்த முறை எழுதிப் பார்க்க நேரமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். இடி, ரௌட்டர், பன்னிரண்டு, முப்பத்தொன்று, ஃபில்லர். நவம்பர் பதினேழு.

அவள் முடித்ததும் பிலோமினா ஒன்றுதான் கேட்டார்.

"சாயங்காலம் என்னியக் கூப்பிடுறது?"

"அதுவும்தாம்மா. அவர் தொடுறார். ஆனா நீங்க கேட்டது அவர் தொட்டது இல்ல, தெனமும் அந்த நேரத்துக்கு ஃபில்லர் வாசிச்சது."

"எட்டு மாசமா?"

"எட்டு மாசமா."

பிலோமினா கணவரிடம் போனார். முந்தானையால் அவர் கன்னத்தைத் துடைத்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "மாட்டிக் குடு," என்றார் செண்பகத்திடம். "இப்பவே மாட்டிக் குடு."

ஃபில்லரை அணைத்தாள். பன்னிரண்டை அழித்து முப்பத்தொன்று என்று போட்டாள். வேலை அவ்வளவுதான்.

"சார், இப்ப தொடுங்க."

அவர் தொடவில்லை. பிலோமினா அவர் கையை எடுத்துக் கட்டைகளின் மேல் வைத்தார். ஒரு விரல் அழுந்தியது.

ஒரு சுரம் வந்தது.

சூடு பட்டதுபோல அவர் கையை இழுத்துக்கொண்டார். நான்கைந்து மூச்சு விட்டார். மறுபடி தொட்டார். வந்தது. இன்னொரு கட்டை. வந்தது. பட்டையைக் கீழே இழுத்தார். சத்தம் குறைந்தது. மேலே ஏற்றினார். கூடியது. சிவப்புப் பொத்தானைத் தொட்டார். எல்லாம் நின்றது. அவருடைய உடல் குலுங்கியது. அவருக்கு ஏதோ ஆகிறது என்று தயாளன் எழுந்தே விட்டான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். உதட்டின் இடது பாதி மட்டும் மேலே போயிருந்தது.

"கேக்குதுங்க," என்றார் பிலோமினா. "நல்லாக் கேக்குது."

அவர் வாசிக்க ஆரம்பித்தார்.

பத்து நிமிடம் ஆனது. இருபது நிமிடம் ஆனது. விரல் ஒரு கட்டைக்குக் குறிவைத்து அடுத்ததில் விழுந்தது. இரண்டு விரல்கள் சேர வேண்டிய இடத்தில் ஒன்று வரவேயில்லை. தாளம் ஓடியது, நொண்டியது, நின்றது. மூன்று சுரம் வரை போய் நான்காவதில் தவறி மறுபடி முதலிலிருந்து வந்தார். மறுபடி தவறினார். அது எந்த மெட்டு என்று பிலோமினாவுக்குத் தெரிந்துவிட்டது. பிலோமினாவின் உதடு அந்த ஏழு சுரங்களையும் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே வந்து, ஒவ்வொரு முறையும் நான்காவதில் தனியாக நின்றது. அருளப்பனின் நெற்றி வியர்த்திருந்தது. அவர் சிரிப்பை நிறுத்தவில்லை.

"நவம்பர்ல இத விட நல்லா வாசிச்சார்," என்றான் தயாளன். "ரொம்ப நல்லா."

"அவர் வாசிச்சது அவருக்கே கேக்கலையே. காது சொல்லிக் குடுத்தாத்தான் கை கத்துக்கும்." செண்பகம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "திரும்ப வரும். கொஞ்ச நாளாகும்."

"மொத ஒரு வருசத்துல வர்றதுதான் வரும்னு டாக்டர் சொன்னாரு," என்றார் பிலோமினா. "அதுக்கு மேல பெருசா எதிர்பாக்காதிய அப்படின்னாரு. அதுக்குத்தான் தெனமும் சிலேட்டு முன்னாடி கொண்டாந்து உக்கார வெச்சேன். ஒரு நா கூட விடல. ஞாயித்துக்கெழம பூசைக்குக்கூட நான் மட்டுந்தான் போவேன்."

தயாளனின் போன் அடித்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தான்.

"டைரக்டர். வெள்ளிக்கிழமைக்கு மிக்ஸிங் தியேட்டர் புக் பண்ணியாச்சாம். இன்னும் மூணு ரீல் இருக்கு." அவன் யாரையும் பார்க்காமல் சொன்னான். "இத வெச்சுப் படத்துல போட முடியாதும்மா. படம் போனா போகட்டும். நாளைக்கு விஷயம் வெளியே வந்தா, ரெண்டாவது படமும் அவர் பண்ணலைன்னு ஆயிடும். சார் பேரே போயிடும்."

பிலோமினா செண்பகத்தின் பக்கம் திரும்பினார். "அந்த மிசினு வாசிச்சதும் அவிய பாட்டுதானே? அவியள்ட்ட கத்துக்கிட்டதுதானே?"

"முதல் மூணு மாசம் அவர்கிட்ட கத்துக்கிட்டுச்சு. அப்புறம் அது வாசிச்சதையே கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டுச்சு."

"ஆனா அதக் கேட்டா அவிய வாசிச்ச மாதிரிதானே இருந்துச்சு. எனக்கே தெரியலையே."

செண்பகத்துக்கு ஒரு வழி தோன்றியது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் தானாகச் சொன்ன முதல் யோசனை அது. "ரெண்டையும் வெச்சுக்கலாம்மா. அவர் தொடுறதுதான் முதல்ல. அவர் விட்ட எடத்துல, விரல் தவறின எடத்துல மட்டும் ஃபில்லர் வந்து தாங்கிக்கும். அவருக்கும் கேட்டுட்டே இருக்கும். கை தேறத் தேற ஃபில்லரைக் குறைச்சுக்கலாம்."

தயாளன் நிமிர்ந்தான். "இது சூப்பர் மேடம். இதப் பண்ணுங்க."

ஃபில்லரை மறுபடி இயக்கி, வரம்பை ஒரு விநாடி என்று வைத்தாள். இரண்டையும் சேர்த்துவைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அருளப்பன் மூன்று சுரம் வாசித்தார். நான்காவது வரும் முன்பே ஒலி நின்று, கணினித் திரையின் நடுவில் ஒரு கட்டம் தோன்றியது.

தயாளன் குனிந்து அதைப் படித்தான்.

"என்ன போட்டிருக்கு?" என்றார் பிலோமினா.

செண்பகம் சொன்னாள். "இது அருளப்பனின் கையோடு பொருந்தவில்லை. வேறு யாரோ வாசிப்பதாகத் தெரிகிறது. இந்தக் கையை ஏற்கலாமா?"

"யாரு கையாம்?"

"வீட்டுல குழந்தைங்க, விருந்தாளிங்க யாராவது தொட்டுட்டா கத்துக்கிட்டது கெட்டுப்போயிடக் கூடாதுன்னு வெச்சிருக்காங்கம்மா. அதுக்குத் தெரிஞ்ச அருளப்பன் இப்படி வாசிக்க மாட்டார். அதனால கேக்குது."

"சரின்னா?"

"இதுவரை கத்துக்கிட்டது அழிஞ்சிடும். இந்தக் கையிலிருந்து முதல்ல இருந்து கத்துக்கும்."

"காப்பி எடுத்து வெச்சுக்க முடியாதா?" என்றான் தயாளன்.

"ஒரு பேருக்கு ஒரு கைதான். யாரும் யார் கையையும் திருடிடக் கூடாதுன்னு."

"வேண்டாம்னா?" என்றார் பிலோமினா.

"இந்தக் கையை இனிமே எடுத்துக்காது. எத்தனை தடவை தொட்டாலும். முன்ன மாதிரி முழுசையும் ஃபில்லரே வாசிக்கும்."

கட்டம் திரையில் நின்றது. பதில் வரும்வரை எந்தச் சத்தமும் வராது. அருளப்பனின் விரல் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தது. நகம் படும் ஓசை மட்டும் கேட்டது. அவர் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி தட்டினார்.

பிலோமினா மேசைக்கு வந்தார். மவுஸின் மேல் கையை வைத்தார். "இந்தப் படம் முடியட்டும்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "அவியளுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாது."

"அவருக்குத் தெரியும்மா," என்றாள் செண்பகம்.

"தெரிஞ்சா சொல்லியிருப்பாவளே."

"சொன்னார்." அவளுடைய குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "நவம்பர் பதினேழாந்தேதி சொன்னார். பதினெட்டாந்தேதி சொன்னார். பத்தொன்பதாந்தேதியும் சொன்னார்."

பிலோமினாவின் கை நின்றது. அவர் திரும்பிக் கணவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். செண்பகம் அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் தன் கேபிள்களைச் சுருட்ட ஆரம்பித்தாள். தயாளன் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்படி வாசிக்கிறவிய இல்ல இவிய," என்றார் பிலோமினா கடைசியில்.

மவுஸ் ஒருமுறை சொடுக்கியது.

கட்டம் மறைந்தது. ஒலிபெருக்கியில் வயலின்கள் எழுந்தன. அவற்றின் மேல் அந்த ஏழு சுரங்களும் வந்தன. நான்காவது சுரம் சரியாக விழுந்தது. ஏழாவதில் ஒரு சின்ன நடுக்கம்கூட இருந்தது. எழுபது பேர் வாசிப்பதுபோல அறை நிறைந்தது.

அருளப்பன் ஒரு கட்டையை அழுத்தினார். இன்னொன்றை அழுத்தினார். சிவப்புப் பொத்தானை ஒருமுறை தொட்டார். பிறகு கண்ணாடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இசை போய்க்கொண்டிருந்தது. தயாளன் பதிவைத் தொடங்கினான். பிலோமினா நாற்காலியின் பின்னால் போய் நின்றார். கணவரின் தோளில் கை வைத்து, காதருகே குனிந்தார்.

"நல்லா வாசிக்கிறிய," என்றார்.